தலை மாறிய பேரரசர்கள்: ரோமின் கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவு

ரோம் நகரில் கொலோசியத்துக்கும் பாலட்டைன் குன்றுக்கும் இடையே, பழைய வெற்றி ஊர்வலங்கள் சென்ற பாதையின் மேல் கான்ஸ்டன்டைன் வளைவு நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 21 மீட்டர். அகலம் 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கனம் 7 மீட்டருக்கு மேல். நடுவில் உயர்ந்த வாயில் ஒன்று, இரு பக்கமும் சிறிய வாயில் ஒவ்வொன்று. ரோமின் செனட் சபையும் மக்களும் கி.பி. 315இல் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்கு இதை அர்ப்பணித்தார்கள். நகரில் இன்றும் நிற்கும் பண்டைய வெற்றி வளைவுகளில் இதுவே பெரியது, காலத்தால் கடைசியானதும் இதுதான். ஆனால் இதன் மேல் உள்ள சிற்பங்களில் பெரும்பகுதி இதற்காகச் செதுக்கப்படவில்லை. வளைவு கட்டப்பட்டபோதே அவற்றுக்கு 135 முதல் 200 வயது ஆகியிருந்தது. வேறு மூன்று பேரரசர்களின் புகழுக்காகச் செய்த கற்களைப் பெயர்த்து வந்து, அவற்றில் இருந்த அரசர் முகங்களைத் திருத்தி, கான்ஸ்டன்டைன் ஆக்கியிருக்கிறார்கள்.

இது ஏன் நடந்தது என்பதற்கு ரோமானியர்களின் வெற்றி விழா மரபைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். போரில் வென்று திரும்பிய தளபதிக்கு செனட் சபை ஊர்வல மரியாதை வழங்கும். நான்கு குதிரை பூட்டிய தேரில் அவர் நகருக்குள் வருவார். முன்னால் கைதிகளும் கொள்ளைப் பொருள்களும் போகும். கேப்பிட்டலைன் குன்றின் மேல் உள்ள ஜூப்பிட்டர் கோயிலில் பலியிட்டு ஊர்வலம் முடியும். பேரரசர்கள் காலம் வந்ததும் அந்த மரியாதை அவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமே உரியதாகிவிட்டது. வளைவுகள் அந்த ஒரு நாள் கூத்தைக் கல்லில் நிறுத்தி வைத்தன. கொலோசியத்துக்கு அருகே உள்ள டைட்டஸ் வளைவில், கி.பி. 70இல் எருசலேமை அழித்த படை அங்கிருந்த யூதக் கோயிலின் ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து போவதைப் பார்க்கலாம். 203இல் எழுந்த செப்டிமியஸ் செவரஸ் வளைவு பார்த்தியர்களை வென்றதைச் சொல்கிறது. அந்த வளைவின் கல்வெட்டில் இருந்த இளைய மகன் கேட்டாவின் பெயர், அண்ணன் காரக்கல்லா அவனைக் கொன்றபின் நீக்கப்பட்டது. பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்தியிருந்த துளைகள் நடந்ததை இன்றும் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த மரபுக்கு ஓர் அடிப்படை உண்டு: வெல்லப்பட்டவன் அந்நியனாக இருக்க வேண்டும். ரோமானியனை ரோமானியன் கொன்றதற்கு ஊர்வலம் கிடையாது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45இல், தம் எதிரி பாம்பேயின் மகன்களை ஸ்பெயினில் முறியடித்துவிட்டு வந்து விழா எடுத்தபோது நகரம் முகம் சுளித்தது. நாட்டின் துயரத்தைக் கொண்டாடுவதாக அது பட்டது. ஆகஸ்டஸ் இன்னும் சூதானமானவர். கி.மு. 31இல் மார்க் ஆன்டனியை வென்ற போரை எகிப்து ராணி கிளியோபாட்ராவுக்கு எதிரான போர் என்றே அவர் ஊருக்குச் சொன்னார்.

கான்ஸ்டன்டைன் வென்றது யாரை? மனைவியின் அண்ணனை.

மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் டயக்ளீஷியன் பேரரசை நான்கு ஆட்சியாளர்களிடம் பகிர்ந்து கொடுத்திருந்தார். அவர் பதவி விலகியதும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. 306 ஜூலை 25இல், மேற்கின் பேரரசர் கான்ஸ்டன்டியஸ் பிரிட்டனில் உள்ள யார்க் நகரில் இறந்தார். படைவீரர்கள் அங்கேயே அவர் மகன் கான்ஸ்டன்டைனை அரசர் என்று முழங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 28இல் ரோமில் பேரரசரின் மெய்க்காவல் படை, முன்னாள் பேரரசர் மாக்ஸிமியனின் மகன் மாக்ஸென்டியஸை அரியணை ஏற்றியது. மாக்ஸிமியனின் மகள் ஃபாஸ்டாவைத்தான் கான்ஸ்டன்டைன் பிறகு மணந்தார். ஆறு ஆண்டுகள் மாக்ஸென்டியஸ் ரோமை ஆண்டார். மற்ற பேரரசர்கள் ட்ரியரிலும் மிலானிலும் நிக்கோமீடியாவிலும் இருந்துகொண்டு ரோமை எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்ட காலம் அது. அவர் ஒருவர்தான் பழைய தலைநகரில் உட்கார்ந்து ஆண்டார். வீனஸ்–ரோமா கோயிலைப் புதுப்பித்தார். பேரங்காடி மன்றத்தை ஒட்டி மாபெரும் மண்டபம் ஒன்றை எழுப்பினார்.

312இல் கான்ஸ்டன்டைன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினார். டூரினில் ஒரு போர், வெரோனாவில் ஒரு முற்றுகை. கடைசியில் ரோமுக்கு வடக்கே டைபர் ஆற்றின் மேல் உள்ள மில்வியன் பாலத்தருகே இரு படைகளும் மோதின. அன்று அக்டோபர் 28, மாக்ஸென்டியஸ் பட்டமேறி ஆறு ஆண்டு நிறைந்த நாள். பின்வாங்கிய படை ஆற்றில் விழுந்தது, மாக்ஸென்டியஸும் மூழ்கினார். மறுநாள் கான்ஸ்டன்டைன் ரோமுக்குள் நுழைந்தார். ஆற்றிலிருந்து எடுத்த எதிரியின் தலை வெட்டப்பட்டு ஊர்வலத்தில் காட்டப்பட்டது. மெய்க்காவல் படை கலைக்கப்பட்டது. மாக்ஸென்டியஸ் கட்டிய பெரிய மண்டபம் வென்றவர் பெயருக்கு மாறியது.

இப்போது செனட் சபையின் நிலையை நினைத்துப் பார்க்கலாம். ஆறு ஆண்டுகள் மாக்ஸென்டியஸின் கீழ் பதவி வகித்தவர்கள்தான் சபையில் பலர். புதியவர் அவர்களில் பெரும்பாலோரைத் தண்டிக்கவில்லை, பதவிகளில் தொடரவும் விட்டார். இனி அவர்கள் நன்றியைக் காட்ட வேண்டும். நேற்றுவரை யாருக்கு வணக்கம் சொன்னோம் என்பதை எல்லோரும் மறக்கச் செய்யவும் வேண்டும். வளைவைப் பேரரசரே தமக்கு எழுப்பிக்கொண்டதாகப் பலரும் நினைப்பதுண்டு. கல்வெட்டின்படி அதை அர்ப்பணித்தது சபை. அரண்மனையின் ஒப்புதல் இல்லாமல் இப்படி ஒன்று எழுந்திருக்காது என்றாலும், அதில் ஒலிக்கும் குரலில் பாதி சபையினுடையது.

அந்தக் குரல் உச்சிச் சுவரின் நடுவில், வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் ஒரே வாசகமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் வெட்டிய பள்ளங்களில் ஒரு காலத்தில் பொன்முலாம் பூசிய வெண்கல எழுத்துகள் பதிந்திருந்தன. தெய்வத்தின் தூண்டுதலாலும் தம் உள்ளத்தின் பெருமையாலும், தம் படையோடு, கொடுங்கோலன் மீதும் அவனுடைய கூட்டத்தார் அனைவர் மீதும் ஒரே வேளையில், நியாயமான ஆயுதங்களால் குடியரசுக்காகப் பழிதீர்த்த கான்ஸ்டன்டைனுக்கு வெற்றிகளால் சிறந்த இந்த வளைவு அர்ப்பணிக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

சட்டம் தெரிந்தவர்கள் எழுதியது போன்ற வாசகம் இது. மாக்ஸென்டியஸின் பெயர் எங்கும் இல்லை. பெயர் சொன்னால் அவர் ஒரு ரோமானியர், ஒரு பேரரசரின் மகன், வென்றவரின் மைத்துனர் என்பதெல்லாம் நினைவுக்கு வரும். ‘கொடுங்கோலன்’ என்றால் ஊரை அடைத்துக்கொண்ட ஒரு கொள்ளைக்காரன்தான் மனதில் எழுவான். ‘கூட்டம்’ என்ற சொல்லுக்கும் பின்னணி உண்டு. ஒரு கூட்டத்தின் ஆதிக்கத்திலிருந்து குடியரசை விடுவித்தேன் என்று 300 ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டஸ் தம் சாதனைப் பட்டியலில் எழுதிவைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் வென்று, அதை விடுதலை என்று பெயர் மாற்றிய முதல் பேரரசர் அவர். அவர் மொழியையே இங்கே எடுத்தாண்டிருக்கிறார்கள். எந்தத் தெய்வம் தூண்டியது என்பதும் சொல்லப்படவில்லை. பழைய கடவுளர்களை வணங்கிய செனட்டரும் கிறித்தவரும் சூரியனை வழிபட்ட படைவீரரும் அந்த இடத்தில் தத்தம் கடவுளை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

பக்க வாயில்களுக்கு மேலே இன்னும் சில குறுகிய வாசகங்கள் உள்ளன. பத்து ஆண்டு ஆட்சி நிறைந்ததற்கான வேண்டுதல், இருபதும் இப்படியே அமையட்டும் என்ற வாழ்த்து. 315 ஜூலையில் கான்ஸ்டன்டைன் தம் ஆட்சியின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு ரோமுக்கு வந்திருந்தார். போருக்கும் இந்த விழாவுக்கும் இடையே மூன்று ஆண்டுகள்கூட இல்லை என்பதை இங்கேயே மனதில் குறித்துக்கொள்வது நல்லது.

வளைவின் ஒவ்வொரு முகத்திலும் நான்கு தூண்கள் சுவரைவிட்டு விலகி நிற்கின்றன. அவற்றின் மஞ்சள் பளிங்கு வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவிலிருந்து வந்தது. தூண்களின் உச்சியில், போதிகைகளுக்கும் மேலே, ஆளுயரத்தைவிடப் பெரிய எட்டு மனிதர்கள் நிற்கிறார்கள். அகன்ற கால்சட்டை, மேலங்கி, முன்னால் கட்டிய கைகள். இவர்கள் டேசியக் கைதிகள். இன்றைய ருமேனியப் பகுதியில் வாழ்ந்த டேசியர்களை டிராஜன் 101 முதல் 106 வரை நடந்த இரு போர்களில் அடக்கினார். அந்த வெற்றிக்காக ரோமில் எழுந்த அவருடைய பெருமன்றத்தை இத்தகைய சிலைகள் அணி செய்தன. உடலுக்கு ஊதா ரேகை ஓடும் ஃபிரிஜியப் பளிங்கு. கைக்கும் தலைக்கும் வெள்ளைக் கல்.

டிராஜன் காலத்தின் இன்னொரு பங்கு, மூன்று மீட்டர் அளவு உயரமுள்ள நான்கு பெரிய போர்க்காட்சிகள். இரண்டு நடு வாயிலின் உட்சுவர்களில் எதிரெதிராக உள்ளன. மற்ற இரண்டும் உச்சிச் சுவரின் குறுகிய பக்கங்களில். நான்கும் ஒரு காலத்தில் ஒரே நீண்ட சிற்ப வரிசையாக இருந்தவை. ஒன்றில் பேரரசர் தலைக்கவசம் இல்லாமல், குதிரை மேல் அங்கி பறக்க டேசியர்கள் நடுவே பாய்கிறார். உண்மையான போரில் எந்தப் பேரரசரும் இப்படி முன்வரிசையில் போயிருக்க மாட்டார். காட்சியில் இருப்பது போரின் நடப்பு இல்லை, அரசனின் வீரம். எதிர்ச்சுவரில் வெற்றித் தேவதை அவருக்கு முடிசூட்டுகிறாள். குதிரை மேலிருக்கும் முகம் கான்ஸ்டன்டைனுடையதாகத் திருத்தப்பட்டது. காட்சிகளுக்கு மேலே ஒரு பக்கம் ‘நகரத்தின் விடுதலையாளருக்கு’ என்றும் மறுபக்கம் ‘அமைதியை நிறுவியவருக்கு’ என்றும் புதிய எழுத்துகள் சேர்ந்தன. டேசியர்களைக் கொன்ற கை இப்போது ரோமை விடுவித்த கை ஆயிற்று. காலடியில் மிதிபடுபவர்கள் ரோமானியர்கள் இல்லை, அயலார். சங்கடமான ஒரு வெற்றிக்கு இதைவிட வசதியான படம் கிடைத்திருக்காது.

பக்க வாயில்களுக்கு மேலே, முகத்துக்கு நான்காக எட்டு வட்டச் சிற்பங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கும் அதிகமான விட்டம் கொண்டது. இவை ஹேட்ரியன் காலத்தவை, வளைவில் உள்ள கலைப்பொருள்களில் மிக நுட்பமானவையும் இவையே. வேட்டைக்குப் புறப்படுதல், கரடி வேட்டை, பன்றி வேட்டை, சிங்க வேட்டை என நான்கும், சில்வானஸ், டயானா, அப்பல்லோ, ஹெர்குலிஸ் ஆகிய தெய்வங்களுக்குப் பலியிடும் காட்சிகள் நான்குமாக இணை இணையாக அமைந்திருக்கின்றன. ஹேட்ரியன் வேட்டைப் பிரியர். அவருடைய அன்புக்குரிய இளைஞன் ஆன்டினோவஸும் வேட்டைக் காட்சிகளில் இருப்பதாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வட்டத்துக்குள் ஆளையும் குதிரையையும் மரத்தையும் நெருக்கடி தெரியாமல் அடக்கியிருக்கும் கைத்திறனை நின்று பார்க்க வேண்டும். சிங்க வேட்டையில் செத்த விலங்கு தரையில் நீண்டு கிடக்க, வேட்டைக்காரர்கள் அதன் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். வட்டத்தின் கீழ்விளிம்பு ஆட்டம் போடாமல் நிலைபெறுவது அந்தச் சிங்கத்தால்தான்.

இந்த எட்டு வட்டங்களிலும் ஹேட்ரியனின் தலை திருத்தப்பட்டது. சீதனப் பாத்திரத்தில் பழைய பெயரை ராவிவிட்டுப் புதுப் பெயர் வெட்டுவது போன்ற வேலை. ஹேட்ரியனுக்குத் தாடி உண்டு; கான்ஸ்டன்டைன் மழித்த முகத்தவர். தாடியைச் சீவி எடுப்பது எளிது, தாடியை ஒட்டவைக்க முடியாது. அந்த வகையில் சிற்பிகளுக்கு வேலை சாதகமாகவே அமைந்தது. ஆனால் கல்லைச் செதுக்கும்போது தலை கொஞ்சம் சிறுக்கத்தான் செய்யும்.

எல்லாத் தலைகளும் கான்ஸ்டன்டைன் ஆகவும் இல்லை. கொலோசியத்தைப் பார்த்த வடக்கு முகத்தில் வேட்டையாடுபவர் அவர், பலியிடுபவர் இன்னொருவர். தெற்கு முகத்தில் இது தலைகீழாகிறது. அந்த இன்னொருவர் தந்தை கான்ஸ்டன்டியஸ் என்கிறார்கள் ஒரு சாரார். கிழக்கை ஆண்ட சகபேரரசர் லிசினியஸ் என்கிறார்கள் மற்றொரு சாரார். லிசினியஸ் என்றால் அரசியல் தெளிவாகிறது. 313இல் கான்ஸ்டன்டைனின் தங்கையை மணந்து மிலானில் அவரோடு உடன்பாடு செய்துகொண்டவர் அவர். இருவர் ஆட்சி ஒற்றுமையாக நடக்கிறது என்று கல் சொல்கிறது. அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 324இல் கான்ஸ்டன்டைன் அவரைத் தோற்கடித்தார், அடுத்த ஆண்டு கொல்லவும் வைத்தார்.

உச்சிச் சுவரில் கல்வெட்டின் இருபுறமும் உள்ள எட்டு நீள்சதுரப் பலகைகள் மார்க்கஸ் அரேலியஸுக்காக 170களின் பிற்பகுதியில் செய்யப்பட்டவை. டான்யூப் எல்லைப் போர்களின் காட்சிகள் அவை: பேரரசர் நகரைவிட்டுப் புறப்படுகிறார், படைக்கு உரையாற்றுகிறார், பன்றி, ஆடு, காளை மூன்றையும் பலியிட்டுப் படையைத் தூய்மை செய்கிறார், சரணடைந்தவர்களை மன்னிக்கிறார், மக்களுக்குப் பணம் வழங்குகிறார். இதே வரிசையைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் மேலும் மூன்று பலகைகள் ரோமின் கேப்பிட்டலைன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பணம் வழங்கும் காட்சியில் தந்தையின் அருகே மகன் கொமோடஸும் முதலில் இருந்தார். அவர் 192இல் கொல்லப்பட்டு, நினைவு அழிக்கப்பட வேண்டியவர் பட்டியலில் சேர்ந்ததும் கல்லிலிருந்தும் எடுக்கப்பட்டார். ஆக, கான்ஸ்டன்டைனின் சிற்பிகள் கையில் எடுப்பதற்கு முன்பே அந்தக் கல் ஒருமுறை அரசியல் உளியைக் கண்டிருந்தது.

டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் மூவரும் ரோமானிய நினைவில் நல்லாட்சிக்குப் பேர் போனவர்கள். மூவரும் செனட் சபையோடு எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பது வேறு விஷயம். ஹேட்ரியனைச் சபை வெறுத்ததற்கு நல்ல சான்றுகள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் அந்தக் கசப்பெல்லாம் மறந்து, இரண்டாம் நூற்றாண்டு முழுவதும் ஒரு பொற்காலமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தின் உடல்கள் மீது தம் முகம் ஏறுவது கான்ஸ்டன்டைனுக்குப் பெருமை. சபைக்கும் அதில் ஒரு நோக்கம் இருந்திருக்கலாம்: இவர்களைப் போல ஆளுங்கள் என்று புகழ்ச்சி வடிவத்தில் ஒரு மனு.

இனி கான்ஸ்டன்டைன் காலத்திலேயே செய்தவை. தூண்களின் பீடங்களில் வெற்றித் தேவதைகளும் கட்டுண்ட கைதிகளும், நடு வாயிலின் தோள்களில் பறக்கும் தேவதைகள், பக்க வாயில்களின் தோள்களில் ஆற்றுத் தெய்வங்கள். இவையெல்லாம் வழக்கமான அலங்காரம். முக்கியமானது வட்டச் சிற்பங்களுக்குக் கீழே வளைவைச் சுற்றி ஓடும், ஒரு மீட்டர் அளவு உயரமே உள்ள ஒடுங்கிய சிற்பப் பட்டி. 312ஆம் ஆண்டுப் போரின் கதை அதில்தான் இருக்கிறது.

கதை மேற்குப் பக்கத்தில் படை மிலானிலிருந்து புறப்படுவதோடு தொடங்குகிறது. தெற்கு முகத்தின் இடப்பக்கம் வெரோனா முற்றுகை. கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த வீரர்கள் மதிலை நோக்கி முன்னேற, சுவரின் மேலிருந்து ஒருவன் தலைகீழாக விழுகிறான். கான்ஸ்டன்டைன் மற்றவர்களைவிடப் பெரிய உருவமாக நிற்கிறார். வலப்பக்கம் மில்வியன் பாலப் போர். டைபரின் அலைகளுக்குள் செதில் கவசம் பூண்ட குதிரைவீரர்கள் குதிரைகளோடு திணறி மூழ்குகிறார்கள். மாக்ஸென்டியஸ் எவர் என்று அடையாளம் காட்டப்படவில்லை. ஆனால் அந்த வீரர்கள் யார் என்பதில் பார்ப்பவருக்கு ஐயம் இருந்திருக்காது. ரோமின் அரசு நினைவுச்சின்னம் ஒன்றில், ரோமானியப் படை ரோமானியப் படையைக் கொல்வது இப்படி வெளிப்படையாகச் செதுக்கப்பட்டது அதுவரை வழக்கத்தில் இல்லாதது. கல்வெட்டு மூடி மறைத்ததைச் சிற்பப் பட்டி போட்டு உடைக்கிறது. தரையிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு, உச்சிச் சுவரில் உள்ள பெரிய டேசியப் போர்களைவிட அருகில் தெரிவதும் இந்தச் சிறிய பட்டிதான்.

கிழக்குப் பக்கத்தில் ரோமுக்குள் நுழைவு. கான்ஸ்டன்டைன் நான்கு சக்கர வண்டியில் உட்கார்ந்து வருகிறார். வெற்றி ஊர்வலத்தின் இரு சக்கரத் தேரும் அதில் நின்று வரும் தோரணையும் இங்கே இல்லை. இது ஒரு பேரரசரின் நகர் வருகை, அவ்வளவுதான் என்கிறது காட்சி. உள்நாட்டுப் போருக்கு ஊர்வலம் கூடாது என்ற பழைய கூச்சம் இந்த இடத்தில் எட்டிப் பார்க்கிறது.

வடக்கு முகத்தின் இரு காட்சிகளும் போர் முடிந்த பிறகு ரோமில் நடக்கின்றன. இடப்பக்கம் ரோமின் பேரங்காடி மன்றத்தில் உரை. பேச்சு மேடையின் நடுவில் கான்ஸ்டன்டைன் நேர்முகமாக நிற்கிறார் (அந்தத் தலை இன்று இல்லை). மேடைக்குப் பின்னால் டயக்ளீஷியன் காலத்து ஐந்து தூண்கள் தெரிகின்றன. இரு ஓரங்களில் ஹேட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் சிலைகள் அமர்ந்திருக்கின்றன. வலப்புறம் செப்டிமியஸ் செவரஸ் வளைவின் மூன்று வாயில்களையும் எண்ணிவிடலாம். மன்றத்தின் கட்டடங்கள் எங்கெங்கே இருந்தன என்று தேடும் தொல்லியலாளர்களுக்கு இந்தச் சிறு கல் ஒரு பழைய புகைப்படத்துக்கு ஈடானது. நான்கு ஆட்சியாளர் முறையைக் கொண்டாடிய தூண்களுக்கு முன்னால், அந்த முறையைக் குலைத்தவர்களில் ஒருவர் நின்று பேசுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வலப்பக்கம் பணம் வழங்கும் காட்சி. நடுவில் கான்ஸ்டன்டைன் பெரிய உருவமாக நேராக அமர்ந்திருக்கிறார். மேல்மாடத்து அறைகளில் எழுத்தர்கள் கணக்குச் சுருள்களோடும் பணப்பெட்டிகளோடும் வேலை பார்க்கிறார்கள். கீழே மக்கள் இரு பக்கமிருந்தும் கையை உயர்த்தி அவரை நோக்குகிறார்கள்.

மேலே உள்ள மார்க்கஸ் அரேலியஸ் பலகையிலும் இதே பணம் வழங்கும் சடங்குதான். இரண்டையும் ஒப்பிட்டால் இடையில் என்ன மாறியது என்பது தெரியும். பழைய சிற்பத்தில் ஆட்கள் இயல்பான உடற்கட்டோடு, ஒருவர் பின் ஒருவராக, ஆழம் தோன்ற நிற்கிறார்கள். ஒரு குழந்தையும் தந்தையும்கூட அதில் உண்டு. புதிய பட்டியில் ஆட்கள் குட்டை, தலைகள் பெரிது. ஆடையின் மடிப்புகள் துளைக்கருவியால் இழுத்த கோடுகள். எல்லோரும் ஒரே உயரத்தில், ஒரே அசைவில் வரிசையாக நிற்க, நடுவில் இருப்பவர் மட்டும் அசையாமல் நம்மைப் பார்க்கிறார்.

இந்த வேறுபாடு ஐந்நூறு ஆண்டுகளாகச் சண்டைக்குரிய விஷயம். ஓவியர் ரஃபேல் சுமார் 1519இல் போப் பத்தாம் லியோவுக்கு எழுதிய கடிதத்தில் வளைவின் கட்டடக்கலையைப் புகழ்ந்துவிட்டு, கான்ஸ்டன்டைன் காலச் சிற்பங்களைக் கலையே இல்லாதவை என்று ஒதுக்கினார். கலைஞர்களின் வரலாறுகளை எழுதிய வசாரியும் அதே வழியில் போனார். கலை விமர்சகர் பெர்னார்ட் பெரென்சன் 1954இல் இந்த வளைவைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே வடிவத்தின் வீழ்ச்சி என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மறுபக்கம், வியன்னாவின் கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல் 1901லேயே இது வீழ்ச்சி இல்லை, வேறொரு கலை நோக்கம் என்று வாதிட்டிருந்தார்.

வீழ்ச்சி என்று சொல்பவர்கள் நடைமுறையை நினைப்பதில்லை. மூன்றாம் நூற்றாண்டின் குழப்பத்தில் ரோமில் பெரிய அரசுச் சிற்ப வேலைகள் அருகிப்போயின. கல்தச்சர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தது செல்வர்களின் கல் சவப்பெட்டிகள்தான். துளைக்கருவிக் கோடுகளும் நெருங்கி நிற்கும் சிறு உருவங்களும் அந்தப் பட்டறைகளின் கைப்பழக்கம். வேலையை முடிக்க இருந்ததோ மூன்று ஆண்டுக்கும் குறைவான காலம். பழைய கற்களை எடுத்து ஒட்டும் வழக்கத்தையும் கான்ஸ்டன்டைன் தொடங்கிவைக்கவில்லை. டயக்ளீஷியன் ரோமில் எழுப்பிய ‘புதிய வளைவு’ ஏற்கெனவே அதைச் செய்திருந்தது. ஆனால் அவசரம் மட்டுமே காரணம் என்றால், கைக்குக் கிடைத்த எந்தக் கல்லும் போதுமானதாக இருந்திருக்கும். எடுத்தவை நன்மதிப்புள்ள மூன்று பேரரசர்களுடையவை. வேட்டைக்கு எதிரே பலியிடுதல், புறப்பாட்டுக்கு எதிரே வருகை என்று பொருத்தம் பார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. புதிய பட்டியின் விறைப்புக்கும் ஒரு பயன் உண்டு. பத்து மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் அதில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது உடனே விளங்கும். பிற்காலப் பேரரசர்களும் கிறித்தவக் கலையில் அரியணை மேல் அமர்ந்த இயேசுவும் இதே நேர்முகத் தோற்றத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

குறுகிய பக்கங்களுக்காகப் புதிதாக இரண்டு வட்டங்கள் செய்யப்பட்டன. கிழக்கில் கடலிலிருந்து தேரேறி எழும் சூரியன். மேற்கில் தேரில் இறங்கும் நிலா. சூரிய வட்டத்துக்கு நேர் கீழேதான் கான்ஸ்டன்டைன் ரோமுக்குள் நுழையும் காட்சி இருக்கிறது. அவருடைய நாணயங்களில் வெல்லப்படாத சூரியன் அவரது துணைவனாக 320களின் நடுப்பகுதி வரை வந்துகொண்டிருந்தான். 321இல் சூரியனின் நாளை ஓய்வு நாளாக்கிச் சட்டம் போட்டதும் அவரே. கொலோசியத்தின் அருகே அப்போது சூரியக் கடவுளின் மாபெரும் வெண்கலச் சிலை ஒன்று நின்றது. முதலில் நீரோ தமக்காகச் செய்துகொண்ட சிலை அது. பின்னர் சூரியனாக மாற்றப்பட்டது. வளைவு சாலையின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி நிற்பதைக் கவனித்த எலிசபெத் மார்லோ என்ற ஆய்வாளர், தெற்கிலிருந்து வருபவரின் கண்ணுக்கு அந்தச் சூரியச் சிலை நடு வாயிலுக்குள் சட்டமிட்டது போலத் தெரிவதற்காகவே இப்படி அமைத்தார்கள் என்று 2006இல் வாதிட்டார்.

மில்வியன் பாலப் போருக்கு முன் கான்ஸ்டன்டைனுக்குக் கிறித்துவின் அடையாளம் தோன்றியதாகவும், அதைப் படையின் கேடயங்களில் எழுதச் செய்ததாகவும் அவர் காலத்துக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் பதிவு செய்திருக்கிறார். வளைவின் கேடயங்களில் அப்படி ஓர் அடையாளமும் இல்லை. சிலுவை இல்லை, ஜூப்பிட்டரைப் புதிய சிற்பிகள் பெரிதாக முன்னிறுத்தவும் இல்லை. பேரரசரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று திட்டமாகத் தெரியாத ஒரு சபை, யாரையும் சீண்டாத தெய்வங்களைத் தேர்ந்தது போலத் தோன்றுகிறது. சூரியன் எல்லோருக்கும் பொது.

ரோம் இதற்குப் பிறகு கான்ஸ்டன்டைனை அதிகம் பார்க்கவில்லை. 326இல் ஒருமுறை வந்து போனார். 330இல் பாஸ்பரஸ் கரையில் தம் பெயரில் புதிய தலைநகரைத் திறந்தார். இடைக்காலத்தில் ஃப்ரான்ஜிபானி குடும்பத்தார் வளைவைத் தங்கள் கோட்டைக்குள் இணைத்துக்கொண்டார்கள். அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கான்ஸ்டன்டைன் முதல் கிறித்தவப் பேரரசர் என்ற பெயரால் போப்பாண்டவர்களுக்கும் இதன் மேல் உரிமையுணர்வு இருந்தது. 1480களில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயச் சுவரில் பெருஜினோவும் போட்டிசெல்லியும் வரைந்த ஓவியங்களில் இந்த வளைவு நிற்கிறது. பேதுரு திறவுகோல்களைப் பெறும் காட்சியிலும், மோசேயை எதிர்த்தவர்கள் தண்டிக்கப்படும் காட்சியிலும் அதை வைத்தது அதிகாரம் யாருடையது என்று சொல்வதற்காகவே.

1530களில் டேசியக் கைதிகளின் தலைகள் காணாமல் போயின. மெடிச்சி குடும்பத்து இளைஞன் லோரென்சினோ உடைத்தான் என்று பழி விழுந்து, அவன் ரோமைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. 1732இல் போப் பன்னிரண்டாம் கிளெமென்ட் காலத்தில் சிற்பி பியேத்ரோ பிராச்சி புதிய தலைகளைச் செய்து பொருத்தினார். நல்ல சிற்பமெல்லாம் டிராஜன் காலத்தது என்ற எண்ணம் நிலவிய நாள்கள் அவை; அதனால் உச்சிச் சுவரின் மார்க்கஸ் அரேலியஸ் பலகைகளில் பேரரசருக்கு டிராஜனின் முகம் கிடைத்தது. மார்க்கஸுக்காகச் செய்த உடல், கான்ஸ்டன்டைனுக்காகத் திருத்திய கல், டிராஜனின் முகம்: இன்று ரோமுக்குப் போகிறவர் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

முசோலினி 1936இல் வளைவின் அருகே இருந்த பழைய நீரூற்றின் எச்சத்தை இடித்து, தம் படை அணிவகுக்கச் சாலையை அகலப்படுத்தினார். எத்தியோப்பியாவை இத்தாலி கைப்பற்றிய ஆண்டும் அதுவே. 1960 ரோம் ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் இந்த வளைவின் கீழ் முடிந்தது. வெறுங்காலோடு ஓடி அதில் முதலாவதாக வந்தவர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 2024 செப்டம்பரில் ஒரு புயல்மழையின்போது வளைவில் இடி விழுந்து சில பளிங்குத் துண்டுகள் பெயர்ந்தன. சிதறியவற்றைப் பூங்கா ஊழியர்கள் உடனே பொறுக்கிச் சேர்த்தார்கள்.